பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட கோப்பு

2013இல் நான் வேலை பார்த்தது சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் இருந்த ஒரு சிறிய நிறுவனத்தில். மொத்தமே நாற்பது பேர்தான். எனக்கு அது இரண்டாவது வருடம். சிஸ்டம் விஷயங்களில் கொஞ்சம் விவரமானவன் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே டெஸ்டிங் பிரிவில் ஒப்பந்தத்தில் இருந்த அக்கா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். விழுப்புரம் பக்கம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அவர் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பொது டிரைவில் போட்டிருக்க வேண்டும். போட்டுவிட்டதாக அவர் சொல்கிறார். மேனேஜரின் திரையில் அந்த ஃபைலின் பிராபர்ட்டீஸ் பெட்டி திறந்திருந்தது. உருவான நேரம்: ஞாயிறு அதிகாலை 2:10. திருத்திய நேரம்: வெள்ளி மாலை 5:20.

“மாடிஃபைடு டேட்ட யார் வேணா மாத்தலாம். கிரியேட்டட் டேட் பொய் சொல்லாதுல்ல?” என்று மேனேஜர் என்னைப் பார்த்தார்.

நான் என் இடத்துக்குப் போய் பைத்தானில் நாலு வரி எழுதினேன். அந்த ஃபைலைப் பற்றி இயங்குதளத்திடம் கேட்டு, வந்த பதிலில் ‘சிடைம்’ என்ற எண்ணை எடுத்துத் தேதியாக மாற்றினேன். ஞாயிறு, 2:10. திரும்பி வந்து சொன்னேன். “ஆமா சார், சண்டேதான் கிரியேட் ஆகியிருக்கு.”

“அப்போ ஃப்ரைடே எப்படி மாடிஃபை ஆகும்?”

“சிஸ்டம் கிளாக்கப் பின்னாடி தள்ளி வச்சு சேவ் பண்ணிருக்கலாம் சார்.”

‘இருக்கலாம்’ என்றுதான் சொன்னேன். ஆனால் அந்த அறையில் அது ‘இருக்கிறது’ என்றுதான் ஒலித்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து என்னுடைய பழைய ஃபைல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். உருவான நேரம்: அதே ஞாயிறு, அதிகாலை 2:12. பக்கத்து ஃபைலைப் பார்த்தேன். 2:12. அதற்கடுத்தது 2:13. அந்தச் சனிக்கிழமை இரவு ஐ.டி. டீம் பொது டிரைவை ஒரு புதிய டிஸ்க்குக்கு மாற்றியிருந்தார்கள். மொத்த ஃபோல்டரையும் காப்பி பண்ணி பேஸ்ட் பண்ணியிருக்கிறார்கள். முன்கூட்டியே எல்லாருக்கும் மெயில்கூட வந்திருந்தது. அந்தத் திங்கட்கிழமை பக்கத்து ஃபைல் ஒன்றை ரைட் கிளிக் செய்திருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும். நான் செய்யவில்லை.

‘இந்தக் கோப்பு எப்போது உருவானது?’ என்று கேட்டால் கணினி எதைப் பார்த்துப் பதில் சொல்கிறது என்று அதன்பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது தெரிந்தது: கணினித் துறையே ஐம்பது வருடமாக இந்தக் கேள்வியில் தடுமாறிக்கொண்டிருக்கிறது.

*

ஒரு நிரல் நேராக டிஸ்க்குக்குள் கைவிட்டுப் படிப்பதில்லை. தாலுகா ஆபீஸில் ஆவண அறைக்குள் நாமே நுழைய முடியாது, கவுன்டரில்தான் கேட்க வேண்டும். அதுபோல இயங்குதளம் சில கவுன்டர்களைத் திறந்து வைத்திருக்கிறது. இந்த ஃபைலைத் திற, இதில் எழுது, இதை அழி. அவற்றில் ஒரு கவுன்டரின் வேலை விசித்திரமானது. அது ஃபைலைத் தராது. ஃபைலைப் பற்றிய தகவலை மட்டும் தரும். யூனிக்ஸில் அதன் பெயர் ‘ஸ்டாட்’.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. ‘ஸ்டாட்’ அதிலேயே இருக்கிறது. நீங்கள் ஒரு ஃபைலின் பெயரையும் 34 பைட் காலியிடத்தையும் கொடுக்க வேண்டும். அது அந்த 34 பைட்டை நிரப்பித் தரும். ஃபைலின் வரிசை எண், அனுமதிகள், எத்தனை பெயர்களில் அது அறியப்படுகிறது, சொந்தக்காரர் யார், அளவு என்ன, டிஸ்க்கில் எங்கே இருக்கிறது, இரண்டு நேரங்கள். அவ்வளவுதான். இதைக் கேட்க அந்த ஃபைலைப் படிக்கும் உரிமைகூட உங்களுக்கு வேண்டியதில்லை. கடிதத்தைப் பிரிக்க முடியாதவரும் உறையைப் பார்க்கலாம் என்பது மாதிரி.

இந்தத் தகவல்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு ‘ஐநோடு’ என்று பெயர். அதில் ஃபைலின் பெயர் இருக்காது. பெயர் ஃபோல்டரில் இருக்கிறது. உள்ளடக்கம் வேறெங்கோ டிஸ்க் கட்டங்களில் இருக்கிறது. ஐநோடு என்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு பதிவேட்டு வரி மட்டும்தான். இதை நான் ரொம்ப நாள் கவனிக்கவில்லை. ‘ஸ்டாட்’ சொல்லும் தகவல்களில் பெரும்பகுதி அந்த வரியைப் பற்றியது. நாம் உள்ளே எழுதி வைத்திருப்பதைப் பற்றியது அல்ல.

முதல் கையேட்டில் இருந்த இரண்டு நேரங்கள் எவை தெரியுமா? ஃபைல் உருவான நேரமும் கடைசியாகத் திருத்திய நேரமும். அதாவது 1971இலேயே யூனிக்ஸுக்குப் பிறந்தநாள் தெரிந்திருந்தது. ஆனால் நேரத்தை எண்ணிய முறையில் ஒரு சிக்கல். 1971 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து ஒரு வினாடியை அறுபதாகப் பிரித்து எண்ணினார்கள். எண்ணை வைக்க 32 பிட்தான் இடம். கணக்குப் போட்டால் இரண்டேகால் வருடத்தில் இடம் தீர்ந்துவிடும். இந்தக் குறையைக் கையேட்டை எழுதியவர்களே ‘பிழைகள்’ என்ற தலைப்பின் கீழ் ஒளிக்காமல் எழுதி வைத்தார்கள். பிறகு அறுபதில் ஒரு பங்கை விட்டுவிட்டு முழு வினாடிகளாக எண்ண ஆரம்பித்தார்கள். தொடக்கப் புள்ளி 1970 ஜனவரி 1க்கு நகர்ந்தது. அந்த எண்ணும் 32 பிட்டில் இருக்கும் இடங்களிலெல்லாம் 2038 ஜனவரி 19 அன்று தீரும். இந்திய நேரம் காலை 8:44:07. அன்று செவ்வாய்க்கிழமை.

*

இனி நடந்ததுதான் என்னை அந்த மேனேஜர் அறைக்குள் தவறாகப் பேச வைத்த கதை.

1975இல் ஆறாம் பதிப்பு வந்தபோது உருவான நேரம் ‘ஸ்டாட்’ தரும் பட்டியலில் இல்லை. அந்த இடத்துக்குக் கடைசியாகப் படித்த நேரம் வந்திருந்தது. 1979இல் ஏழாம் பதிப்பில் நேரங்கள் மூன்றாயின: ஏடைம், எம்டைம், சிடைம். ஏடைம் கடைசியாகப் படித்த நேரம். எம்டைம் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். மூன்றாவது?

‘சி’ என்றால் கிரியேஷன் என்று நினைக்காதவர்கள் குறைவு. ஏழாம் பதிப்பின் மூலநிரலிலேயே ஐநோடை விவரிக்கும் கோப்பில், அந்த இடத்துக்குப் பக்கத்தில் ‘உருவாக்கப்பட்ட நேரம்’ என்ற பொருளில்தான் குறிப்பு இருக்கிறது. ஆனால் நிரல் செய்வது வேறு. ஃபைலின் அனுமதியை மாற்றினால் சிடைம் மாறும். சொந்தக்காரரை மாற்றினால் மாறும். இன்னொரு பெயர் கொடுத்தால் மாறும். உள்ளே ஒரு எழுத்தைத் திருத்தினாலும் மாறும். அது ஐநோடு கடைசியாக மாறிய நேரம். ‘சி’ என்பது ‘சேஞ்ச்’.

அதற்கும் ஒரு பயன் இருந்தது. எம்டைமை நாமே மாற்றலாம். அதற்கென்றே ‘யுடைம்’ என்று ஓர் அழைப்பு உண்டு. பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை மீட்டால் அதன் பழைய தேதியையும் மீட்க வேண்டுமே, அதற்காக. ஆனால் அப்படி மாற்றிய கணத்தில் சிடைமில் அன்றைய நேரம் விழுந்துவிடும். சிடைமை நாம் விரும்பிய தேதிக்கு மாற்ற எந்த அழைப்பும் இல்லை. எனவே பேக்கப் நிரல்கள் அதை நம்பலாம்: போனமுறைக்குப் பிறகு இந்த வரியை யாராவது தொட்டார்களா?

மூன்று நேரங்களும் வீட்டு வேலைக்காக வைத்த குறிப்புகள். எதைப் பேக்கப் எடுப்பது, எதை மறுபடி கம்பைல் பண்ணுவது, எது ரொம்ப நாளாகத் தூசி படிந்து கிடக்கிறது. ஒரு மனுஷி வெள்ளிக்கிழமை வேலையை முடித்தாரா இல்லையா என்று சாட்சி சொல்ல யாரும் அவற்றை வடிவமைக்கவில்லை.

*

விண்டோஸின் பாதை வேறு. அதன் முன்னோரான டாஸ், ஃபேட் என்ற கோப்பு முறையைப் பயன்படுத்தியது. அதில் ஒரு ஃபைலுக்கு ஒரே நேரம்தான்: கடைசியாகத் திருத்தியது. வருடத்துக்கு 7 பிட். 1980இல் தொடங்கி 2107 வரை போகும். வினாடிக்கு 5 பிட்தான் மிச்சம் இருந்தது. அதில் 32 எண்களுக்குமேல் அடங்காது. அதனால் இரண்டிரண்டு வினாடியாக எண்ணினார்கள். ஒற்றைப்படை வினாடியில் எந்த ஃபைலும் திருத்தப்படுவதில்லை, டாஸின் பார்வையில். உள்ளூர்க் கடிகாரம் காட்டுவதை அப்படியே எழுதி வைக்கும், எந்த ஊர்க் கடிகாரம் என்று எழுதாது. உருவான நேரத்துக்கு இடம் கிடைத்தது விண்டோஸ் 95 காலத்தில்தான்.

1993இல் வந்த விண்டோஸ் என்.டி. இதையெல்லாம் புதிதாகச் செய்தது. என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் நேரத்துக்கு 64 பிட். ஒரு வினாடியைக் கோடிப் பங்காகப் பிரித்து எண்ணுகிறது. தொடக்கப் புள்ளி 1601 ஜனவரி 1. முதன்முதலில் பார்த்தபோது சிரித்தேன். 1601இல் யார் ஃபைல் சேவ் பண்ணினார்கள்? காரணம் எளிது. கிரிகோரியன் நாட்காட்டியில் லீப் வருடக் கணக்கு 400 வருடத்துக்கு ஒருமுறை முழுச் சுற்று வரும். அப்படி ஒரு சுற்றின் முதல் நாள் 1601 ஜனவரி 1. அங்கிருந்து எண்ணினால் கணக்கு சுலபம்.

என்.டி.யில் உருவான நேரம் ஆரம்பம் முதலே உண்டு. கெட்ஃபைல்டைம், ஃபைண்ட்ஃபர்ஸ்ட்ஃபைல் போன்ற அழைப்புகள் அதைத் தரும். இங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. யூனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட வசதியாக மைக்ரோசாஃப்ட்டின் சி நூலகம் ஒரு ‘ஸ்டாட்’ வைத்திருந்தது. அதன் சிடைமில் என்ன போடுவது? உருவான நேரத்தைப் போட்டார்கள். ஒரே பெயர், இரண்டு இயங்குதளங்கள், இரண்டு அர்த்தங்கள். பைத்தானும் அப்படியே எடுத்துக்கொண்டது. விண்டோஸில் சிடைமை இப்படிப் படிக்காதீர்கள், பிறந்த நேரத்துக்குத் தனிப்பெயர் வந்துவிட்டது என்று பைத்தான் ஆவணம் சொன்னது 2023இல், 3.12 பதிப்பில். நான் அந்த நாலு வரி எழுதிப் பத்து வருடம் கழித்து.

ஆனால் நியாயமாகப் பார்த்தால் அன்று எனக்குக் கிடைத்த எண் சரியானதுதான். விண்டோஸ் பொய் சொல்லவில்லை. அந்த டிஸ்க்கில், அந்தப் பதிவேட்டில், அந்த வரி ஞாயிறு 2:10க்குத்தான் உருவானது. எக்ஸ்புளோரரில் ஒரு ஃபைலை காப்பி செய்யும்போது நகல் ஒரு புதிய ஃபைல். அதற்குப் புதிய பிறந்த நேரம். உள்ளடக்கம் மாறவில்லை, எனவே திருத்திய நேரம் பழையதே கூட வரும். ஆகவே ஒரு ஃபைல் பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்டிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காப்பியைத்தான். மோசடியை அல்ல. டிஜிட்டல் தடயவியல் படிப்பவர்களுக்கு இது பாலபாடம். எனக்கு எஞ்சினியரிங்கில் யாரும் சொல்லித் தரவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் நான் தேடியும் பார்க்கவில்லையே.

விண்டோஸில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு ஃபைலை அழித்துவிட்டு 15 வினாடிக்குள் அதே ஃபோல்டரில் அதே பெயரில் இன்னொன்றை உருவாக்கினால், புதியதற்குப் பழையதன் பிறந்த நேரம் கிடைக்கும். நிறைய எடிட்டர்கள் சேவ் செய்யும்போது ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பழையதை அழித்து, புதியதற்குப் பழைய பெயரை வைக்கும். ஒவ்வொரு சேவுக்கும் பிறந்தநாள் மாறக்கூடாதே என்று இந்த ஏற்பாடு. மனிதர்கள் ‘இது அதே ஃபைல்தான்’ என்று நினைப்பதைக் கணினியும் நினைப்பதுபோல நடிக்கிறது. பொய் சொல்லாது என்று மேனேஜர் நம்பிய தேதி இதுதான்.

*

ஏடைமின் கதி இன்னும் பரிதாபம். ஒரு ஃபைலைப் படித்தால் படித்த நேரத்தைக் குறிக்க வேண்டும். குறிப்பது என்றால் டிஸ்க்கில் எழுதுவது. ஆக ஒவ்வொரு வாசிப்பும் ஓர் எழுத்தாகிறது. 2007இல் லினக்ஸ் கெர்னல் நிரலாளர்கள் இதன் செலவைப் பற்றிப் பெரிதாக விவாதித்தார்கள். அடியோடு நிறுத்தவும் முடியவில்லை. மட் மாதிரியான மின்னஞ்சல் நிரல்கள், அஞ்சல் பெட்டி கடைசியாகப் படித்ததற்குப் பிறகு மாறியிருக்கிறதா என்று பார்த்துத்தான் புது மெயில் வந்ததைக் கண்டுபிடித்தன. கடைசியில் ஒரு சமரசம். திருத்தியதற்குப் பிறகு முதல்முறை படித்தால் குறிக்கும். மற்றபடி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். 2009 முதல் லினக்ஸில் இதுவே இயல்பு. விண்டோஸ் விஸ்டா தன் பங்குக்கு இயல்பாகவே குறிப்பதை நிறுத்திவிட்டது. ‘கடைசியாகப் பார்த்த நேரம்’ என்று இன்றும் ஒரு வரி காட்டப்படுகிறது. அது எவ்வளவு உண்மை என்பது அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்தது.

இதற்கிடையே லினக்ஸின் கோப்பு முறைகள் சத்தமில்லாமல் பிறந்த நேரத்தைச் சேமிக்க ஆரம்பித்திருந்தன. எக்ஸ்ட்4 அதை ஐநோடில் எழுதி வைத்தது. ஆனால் ‘ஸ்டாட்’ தரும் பட்டியலில் அதற்கு இடமில்லை. தகவல் டிஸ்க்கில் இருக்கிறது, கேட்க கவுன்டர் இல்லை. 2010இல் டேவிட் ஹவல்ஸ் ஒரு புதிய அழைப்பை முன்மொழிந்தார். வாதங்கள், திருத்தங்கள், கிடப்பு. அது ‘ஸ்டாட்எக்ஸ்’ என்ற பெயரில் கெர்னலுக்குள் வந்தது 2017இல், 4.11 பதிப்பில். 1971இன் 34 பைட்டில் இருந்த பிறந்த நேரம், யூனிக்ஸின் இந்த வாரிசில் கேட்டுப்பெறும்படி ஆனது அப்போதுதான்.

எனக்கு ஸ்டாட்எக்ஸில் பிடித்தது வேறொன்று. பழைய ஸ்டாட்டில் எல்லாக் கட்டமும் எப்போதும் நிரம்பியிருக்கும். கோப்பு முறைக்கு ஏதாவது ஒன்று தெரியாவிட்டாலும் அந்த இடத்தில் ஏதோ ஓர் எண் இருக்கும். வாங்கியவருக்கு அது உண்மையா ஒப்புக்கா என்று தெரியாது. ஸ்டாட்எக்ஸிடம் எனக்கு இன்னின்ன வேண்டும் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். அது பதிலோடு சேர்த்து இன்னொரு பட்டியலும் தரும்: இவற்றில் எவற்றுக்கு நான் உண்மையில் பதில் சொல்லியிருக்கிறேன் என்று. பிறந்த நேரம் அதில் இல்லையென்றால் இந்தக் கோப்பு முறைக்கு அது தெரியாது என்று அர்த்தம்.

தெரியாது என்பதற்கு ஒரு பிட் ஒதுக்க நாற்பத்தாறு வருடம் ஆகியிருக்கிறது. இதைப் படித்தபோது அந்த மேனேஜர் அறை ஞாபகம் வந்தது. ‘வெள்ளி எப்படி மாடிஃபை ஆகும்?’ என்று அவர் கேட்டார். ‘தெரியல சார், பாத்துட்டுச் சொல்றேன்’ என்று நான் சொல்லியிருக்கலாம். அவருக்கு முன்னால், அக்காவுக்கு முன்னால், தெரியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காலியாக இருந்த கட்டத்தில் ஏதோ ஒன்றை நிரப்பினேன்.

*

அந்தப் பக்கத்து ஃபைல்களைப் பார்த்த அன்றே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். “அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்பா” என்றார். கோபமாகக்கூட இல்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று அக்காவுக்குப் போன் செய்தேன். காப்பி, டிஸ்க், 2:12, 2:13 என்று உளறிக்கொட்டினேன். கடைசியில் மன்னிப்பும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நீங்க இப்ப சொன்னத அப்படியே ஒரு மெயில்ல எழுதி அனுப்புறீங்களா தம்பி?” என்றார். “போற எடத்துலலாம் அங்க ஏன் ரினியூவ் பண்ணலன்னு கேக்குறாங்க.”

அந்த மெயிலை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. என்ன நடந்தது, நான் என்ன சொன்னேன், அது ஏன் தவறு, மூன்று பக்கத்து ஃபைல்களின் படங்கள், ஐ.டி. டீம் டிஸ்க் மாற்றிய தேதி. ‘இருக்கலாம்’ என்ற சொல் வராமல் எழுதினேன். ‘கிடைச்சது, நன்றி’ என்று ஒரு வரி பதில் வந்தது. அது அவருக்குப் பயன்பட்டதா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை என்று தோன்றியது.

இப்போதும் யாராவது என்னிடம் வந்து, “இந்த ஃபைல் எப்ப உருவாச்சுன்னு பாத்துச் சொல்லுங்க” என்பதுண்டு. எந்த இயங்குதளம், எந்தக் கோப்பு முறை, காப்பி செய்ததா, நகர்த்தியதா என்று கேட்பேன். பக்கத்தில் இருக்கும் நாலு ஃபைல்களைத் திறந்து பார்ப்பேன். அதோடு இன்னொன்றும் கேட்பேன், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று. பதிலில் ஒரு ஆளின் பெயர் வந்தால் அன்றைக்குள் சொல்ல முடியாது என்பேன்.